வெளித் தாழ்ப்பாள்

டங். டங். டங்.

இரும்பின்மேல் இரும்பு விழுகிற சத்தம் சார். அதைத்தான் முதலில் கேட்டேன். தெரு தெரியவில்லை, வீடு தெரியவில்லை. முனையில் பால் பூத் இருக்கிறதே, அதன் தகரக் கூரைதான் அடையாளம். கூரைமேல் ஒரு நாய், குரைக்கவும் மறந்துபோய் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் எனக்கு மாரளவு. அந்தச் சத்தம் தண்ணீரின்மேல் நேராக என்னிடம் வந்தது. கேட்டதுமே தெரிந்துவிட்டது, அது என் வீட்டு கிரில். அவ்வளவு கனத்த கிரில் இந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. எவனோ அதை அடிக்கிறான்.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி காய்ந்துவிட்டது, பயப்படாதீர்கள். இல்லை, நின்றுகொண்டே படம் எடுக்கவேண்டுமென்றால் எடுங்கள். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவார் என்று போன் வந்ததிலிருந்து தூங்காமல் காத்திருக்கிறேன். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் தூக்கம்தான் தூக்கம். வெள்ளத்துக்குப் பிறகு அதுவும் போயிற்று. கண்ணை மூடினால் வீடு மிதக்கிறது.

கிரிலைப் படம் எடுக்கிறீர்களா? எடுங்கள். தண்ணீர் வளைத்ததா என்று கேட்கிறீர்கள். தண்ணீர் கிரிலை வளைக்குமா சார்? ஆள் உடைத்தது. பெயரே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கஜபதி. எதிர் வீடு. தண்ணி லாரி ஓட்டுகிறவன். வெள்ளத்தில் போனதற்குத் தனியாகவும் ஆள் உடைத்ததற்குத் தனியாகவும் உங்கள் கம்பெனியில் கொடுப்பார்களா? கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. எழுதியாவது வையுங்கள்.

எனக்கு கோல்டு ஸ்டோரேஜில் வேலை. மீன் கிடங்கு. கம்ப்ரஸர் ஓட்டுகிறேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. அமோனியா ஓடுகிற இடம் சார். ஒரு வால்வைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கினால் ஏரியாவே செத்துக் கிடக்கும். அதனால் எனக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கவேண்டாம். மூடவேண்டியதை மூடவேண்டும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

வீட்டிலும் அப்படித்தான். வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள், இந்துமதி. பெண்டாட்டி இருக்கிறாள், வேதவல்லி. வேதா என்று கூப்பிடுவேன். நானோ சாயங்காலம் போனால் காலையில்தான் வருகிறவன். காலம் கெட்டுக் கிடக்கிறது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டிவிட்டுப் போவேன். காலையில் வந்து திறப்பேன். இதில் என்ன சார் தப்பு?

வெளியே பூட்டு தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்று திருடன் நினைக்கமாட்டானா என்கிறீர்கள். வேதாவும் ஒருநாள் இதையே கேட்டாள். கேள்வி கேட்பது சுலபம்.

நான் கொடுமைக்காரன் இல்லை சார். பகலெல்லாம் கதவு திறந்துதான் இருக்கும், நான் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். அவள் தையல் மெஷின் அதோ, அந்த மூலையில். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். யாரையாவது நான் தடுத்திருக்கிறேனா? கை நீட்டியது ஒரு தரம், இரண்டு தரம் இருக்கும். எந்த வீட்டில் இல்லை? வேதா ஒருமுறை எனக்குத் தெரியாமல் கள்ளச் சாவி செய்து வைத்திருந்தாள். அரிசி டின்னுக்குள். புருஷன் ராத்திரியெல்லாம் அமோனியா நாற்றத்தில் நிற்கிறான், இவள் அரிசிக்குள் சாவி வைத்திருக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்? அன்றைக்குக் கதவைச் சாத்தும்போது அவள் விரல் நடுவில் வந்துவிட்டது. வலது கை, நடுவிரல். நகம் கறுத்து விழுந்தது. கொஞ்ச நாள் கத்தரி பிடிக்கமுடியாமல் இருந்தாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "கதவுல மாட்டிக்கிச்சு டாக்டர்" என்று அவளேதான் சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கள்ளச் சாவி கிடையாது.

இந்தப் பாலிசியை எடுத்தது எப்படித் தெரியுமா? மழைக்கு முன்னால் உங்கள் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஷாமியானா போட்டு, பத்மஜா என்று ஒரு மேடம் மைக்கில் பேசினார்கள். மழைக்காலத்தில் குடும்பங்கள் எப்படிப் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்று. நல்ல பேச்சு. நான் ஒன்றுவிடாமல் மனதில் வாங்கிக்கொண்டேன். பத்திரங்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வைத்தேன். ஃப்ரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றினேன். தண்ணீர் வந்தால் மெயினை எப்படி அணைப்பது, சிலிண்டரை எப்படி மூடுவது என்று இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சாவி எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்றார்கள். என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் சார். என் இடுப்பில்.

அந்தக் கூட்டத்தில்தான் கஜபதி எழுந்தான். பெரிய வயிறு, அதற்குமேல் ஒரு சிரிப்பு.

"மேடம், எங்க தெருவுல ஒருத்தரு பொண்டாட்டி புள்ளையையே லாக்கர்ல வச்சிப் பூட்டிட்டுப் போறாரு. அதுக்கு எதுனா பாலிசி இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்து, "இன்னா வார்டன், நான் பொதுவா கேட்டேன்பா" என்றான். தெருவில் என்னை அவன் வார்டன் என்றுதான் கூப்பிடுவான். சாயங்காலம் நான் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது லாரிக்குள்ளிருந்து, "இன்னா வார்டன், கைதிங்க எண்ணிக்கை சரியா இருக்குதா?" என்பான். நான் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போவேன்.

அன்றைக்கு மேடம்மட்டும் சிரிக்கவில்லை. "ஆள் உள்ள இருக்கும்போது வெளியில பூட்டக் கூடாதுங்க, தீ பிடிச்சா என்ன பண்ணுவாங்க?" என்றார்கள். தீயைப் பற்றிச் சொன்னார்கள். வெள்ளத்தைப் பற்றி இல்லை. நான் கவனமாகக் கேட்டேன்.

கஜபதி பேசியதுகூட எனக்குப் பெரிதில்லை சார். திரும்பிப் பார்த்தேன். வேதா சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த வாரமே ஜன்னல் கிரிலைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தேன். சதுரக் கம்பி, சுவருக்குள் ஆழமாக இறக்கி கான்கிரீட் போட்டது. கதவுக்கும் வெளிப்பக்கம் இரும்புத் தகடு அடித்தேன். மழை வருகிறதே, கதவு உப்பிவிடக்கூடாதே என்றுதான்.

வெள்ளம் வந்த காலையில் எனக்கு மாற்று ஆள் வரவில்லை. சாலையெல்லாம் தண்ணீர், எப்படி வருவான்? கம்ப்ரஸரை விட்டுவிட்டு நான் எப்படிக் கிளம்ப முடியும்? வேதா போன் செய்தாள்.

"ஏங்க, ஹால்ல தண்ணி வந்துடுச்சு."

"கீழ இருக்கறதெல்லாம் எடுத்து மேல வை."

"வச்சாச்சு. நீங்க சாவி எடுத்துக்கிட்டு வாங்க."

"ஆள் வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி. கட்டிலுக்கு மேலே வந்துவிட்டதாம். ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று தெருவில் கத்துகிறார்களாம். எதிர்வீட்டு மாடியிலிருந்து கஜபதி கூப்பிடுகிறானாம், ஜன்னலைத் திறந்து பேசட்டுமா என்கிறாள். ஊரே முழுகும்போதும் அவனோடு பேச்சு. நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். "ஜன்னலைத் திறந்தா அவ்ளோதான்" என்றேன். அதற்குப் பிறகு இந்து பேசினாள். "அப்பா, நாங்க சமையல் மேடை மேல நிக்கிறோம். அப்பா, இங்க பாம்பு வந்துச்சு." அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

அப்போது கிளம்பிவிட்டேன் சார். வால்வையெல்லாம் மூடிவிட்டு. பைபாஸ்வரைக்கும் ஒரு டிராக்டர், அப்புறம் நடை, அப்புறம் நீச்சல். ஒரு மாடு மின்கம்பத்தில் மோதி, கழுத்து முறிந்து, கயிற்றோடு சுற்றிச் சுற்றி வந்தது. அதைத் தள்ளிவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம். டங். டங்.

இதோ, இந்த ஜன்னல். லாரி டியூபைக் கட்டிவிட்டு அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறான் கஜபதி. மேலே சட்டை இல்லை. சம்மட்டியை ஓங்கி ஓங்கி அடிக்கிறான். கிரிலின் ஒரு பக்கம் சுவரை விட்டுப் பெயர்ந்துவிட்டது. கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி வளையல் போட்ட கை. வேதாவின் கை.

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். தண்ணீர் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பெண்டாட்டி கை இன்னொருத்தன் வெற்றுத் தோளில் இருக்கிறது. தண்ணீரையா பார்ப்பீர்கள்?

சவுக்குக் கட்டை ஒன்று மிதந்து வந்தது. கையில் எடுத்தேன். அவன் திரும்பவில்லை, சம்மட்டிச் சத்தத்தில் காது கேட்கவில்லை. முதல் அடி முதுகில். இரண்டாவது, அவன் தடுக்கக் கையைத் தூக்கினான் பாருங்கள், அந்தக் கையில். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கரும்பு ஒடிகிற மாதிரி. மூன்றாவது காதுக்கு மேலே. டியூபை விட்டுச் சரிந்து தண்ணீருக்குள் போனான். அவன் போன இடத்தில் தண்ணீர் செங்காவியாகக் கிளம்பியது. எழுந்தான். மறுபடி ஓங்கினேன்.

"வார்டன்," என்றான். வாயெல்லாம் ரத்தம். "அப்புறமா அடி. மொதல்ல கதவத் தொற."

உள்ளேயிருந்து இந்து, "சாவி, சாவி, சாவி" என்று ஒரே சொல்லாகக் கத்திக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாகக் கத்திக்கொண்டிருந்தாளோ, அப்போதுதான் என் காதில் விழுந்தது.

போனேன் சார். நான் போகாமல் இருப்பேனா? பூட்டு தண்ணீருக்குள் இருந்தது. முழுகித் தடவிப் பிடித்தேன். சாவியும் நுழைந்தது. ஆனால் சேறு போய் உள்ளே இறுகிவிட்டது, திரும்பவில்லை. மூச்சு முட்டி மேலே வந்தேன், மறுபடி முழுகினேன். வாயில் சேறு, கண்ணில் சேறு. திருகினேன், சாவி வளைந்ததே தவிர பூட்டு அசையவில்லை. நல்ல பூட்டு சார் அது. மட்டமான பூட்டாக இருந்தால் திறந்திருக்கும். கடைசியாக ஒருமுறை மேலே வந்தபோது மறுபடி டங், டங்.

கஜபதிதான். வலது கை தோளிலிருந்து பை மாதிரித் தொங்குகிறது. காலால் துழாவிச் சம்மட்டியை எடுத்திருக்கிறான் போலிருக்கிறது. இடது கையால் அடிக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. என்னைத் திட்டினானா, கம்பியைத் திட்டினானா தெரியாது. உள்ளே தண்ணீர் வேதாவின் கழுத்துக்கு வந்துவிட்டது. இந்துவைத் தூக்கி ஜன்னல் கட்டையில் நிறுத்திப் பிடித்திருக்கிறாள். இந்துவின் முகம் கம்பியில் அழுந்தி, கன்னத்தில் சதுரம் சதுரமாகப் பதிந்திருந்தது. நான் போய் அவனோடு கம்பியைப் பிடித்து இழுத்தேன். இழுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் இழுத்தேன்.

கிரில் மடங்கியது. இந்துவை இழுத்தோம், தொடையில் நீளமாகக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்புறம் வேதா. தலை வந்தது, தோள் மாட்டியது, கஜபதி காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு கம்பியை வளைத்தான். வந்துவிட்டாள்.

நான் அவளைப் பிடிக்கக் கையை நீட்டினேன் சார். அந்தக் கையில் சாவிக் கொத்து இருந்தது. அவள் அதைப் பிடுங்கினாள். கிடங்குச் சாவியெல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி இரும்பு அது. அதாலேயே என் முகத்தில் அடித்தாள். "பூட்டுடா" என்றாள். மறுபடி அடித்தாள். "பூட்டு. இப்பப் பூட்டு."

டா சார். என்னை. தாலி கட்டின நாளிலிருந்து வாங்க, போங்க என்று சொன்ன வாய்.

இந்தத் தையல் அதுதான். பல்லும் ஒன்று ஆடுகிறது. தகரம் கிழித்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிந்தால் அவளுக்குத்தான் அசிங்கம். அதிர்ச்சி சார், தண்ணீர் அதிர்ச்சி. இல்லாவிட்டால் வேதா அப்படிப்பட்டவள் இல்லை.

இந்து என் பக்கம் திரும்பவே இல்லை. டியூபில் உட்கார்ந்து கஜபதியின் முறிந்த கையை மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். தன் தொடையிலிருந்து ரத்தம் ஓடுகிறது, அதைக் கவனிக்கவில்லை. "மாமா, பேசிக்கிட்டே இருங்க மாமா, கண்ண மூடாதீங்க." மாமாவாம்.

அவன் கைக்குள் இப்போது இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். இனிமேல் லாரி ஸ்டியரிங் பிடிப்பது சந்தேகம் என்கிறார்கள். ஒரு காதும் கேட்கவில்லையாம். போலீஸ் வந்து கேட்டதற்கு, மாடியிலிருந்து வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அப்பன் ஜெயிலுக்குப் போகக்கூடாது என்று சொன்னானாம், அவன் தம்பி வந்து என்னிடம் கத்திவிட்டுப் போனான். நான் நம்பவில்லை. தப்பு இல்லாதவன் எதற்கு சார் மறைக்கவேண்டும்?

வேதாவும் இந்துவும் அரக்கோணத்தில், என் மச்சான் வீட்டில் இருக்கிறார்கள். போய்க் கூப்பிட்டேன். மச்சான் என்னை வாசலிலேயே நிறுத்தி, "மாமா, அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. வெளித் தாழ்ப்பாள் இல்லாத கதவு போட்டா வருதாம்" என்றான். கூடவே, "இல்லன்னா நீங்க வராதீங்க" என்றான். என்னைவிடச் சின்னவன். சட்டையைப் பிடித்துச் சுவரில் வைத்து ஒரு மோது மோதிவிட்டுத்தான் வந்தேன். உள்ளேயிருந்து வேதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கதவு புதிது போட்டுவிட்டேன் சார். பாருங்கள், நல்ல மரம். தாழ்ப்பாளைத்தான் நீங்கள் வரும்போது மாட்டிக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம்தான். வேறு எந்தப் பக்கம்? உள்பக்கம்மட்டும் தாழ்ப்பாள் இருந்தால் அவளாகத் திறப்பாள், அவளாக மூடுவாள். அப்புறம் வீட்டுக்கு ஆம்பிளை எதற்கு?

உங்களிடம் ஒரே ஒரு உதவி. பணம் முன்னே பின்னே ஆகட்டும், அது வேண்டாம். நீங்கள் படித்தவர், கம்பெனி ஆள். வெளியே பூட்டு இருந்தால்தான் பாலிசி செல்லும் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் சொன்னால் வந்துவிடுவாள். இருங்கள், அவளுக்குப் போன் போட்டுவிட்டேன், மணி அடிக்கிறது.

ஹலோ, வேதா. நான்தான். வைக்காதே, வைக்காதே. இன்ஷூரன்ஸ் சார் வந்திருக்கார். உன்கிட்ட பேசணுமாம். இந்தாங்க சார். பேசுங்கள்.

...

என்ன சார் இது? "அப்படி ஒரு விதியும் இல்லைம்மா" என்று சொல்லவா போனைக் கொடுத்தேன்? "உள்ளே ஆளை வைத்துப் பூட்டினால் நாங்களே கேள்வி கேட்போம்" என்கிறீர்கள். யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரிகிறதா? கொடுங்கள் இங்கே.

வேதா. கேளு. அவர் சின்னப் பையன், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ கிளம்பி வா, நான் அடிக்கமாட்டேன். என்ன? இந்துவையா? எந்த ஸ்கூல்ல? யாரைக் கேட்டுச் சேர்த்தே? ஏய். வேதா. ஏய்!

வைத்துவிட்டாள்.

பெண்ணை அரக்கோணத்திலேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டாளாம். தையல் மெஷினை எடுக்க மச்சான் ஆள் அனுப்புவானாம். அவ்வளவுதான் சொன்னாள். குரலே உயரவில்லை சார், அதுதான் எனக்கு... முன்பெல்லாம் என்னோடு போனில் பேசினால் அவள் குரல் நடுங்கும்.

இங்கே ஸ்கூலெல்லாம் சேறு, பெஞ்சு எல்லாம் போய்விட்டது. அதனால் சேர்த்திருப்பாள். இங்கே திறந்ததும் வந்துவிடுவார்கள். அரக்கோணத்தில் எத்தனை நாள் இருக்க முடியும்? வரும்போது வீடு பத்திரமாக இருக்கவேண்டாமா?

கிளம்புகிறீர்களா? பார்த்து இறங்குங்கள், படியெல்லாம் சேறு. சார், போகிற போக்கில் அந்த ஸ்க்ரூ டிரைவரை இப்படித் தள்ளுங்கள், உங்கள் காலடியில்தான் கிடக்கிறது. பரவாயில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போங்கள். இன்னும் ஒரு ஸ்க்ரூதான் பாக்கி.